மேடைக் கட்டபொம்மனும் ஏட்டுக் கட்டபொம்மனும்

(வடபழனியில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆற்காடு சாலை. காரைக்குடியிலிருந்து வந்து இங்கே வேர்விட்ட ஏவி.எம்., நாகிரெட்டியாரின் விஜயா-வாஹினி, பக்கத்துச் சாலிகிராமத்தில் ராமகிருஷ்ணா-பானுமதி தம்பதியின் பரணி ஸ்டுடியோ என்று ஒரு காலத்தில் இந்தச் சாலை முழுக்கப் படப்பிடிப்புத் தளங்களாகவே இருந்தது. தமிழ் மக்கள் மனத்தில் இருக்கும் சரித்திரத்தில் ஒரு பெரும் பங்கு இங்கேதான் உருவானது. பாடப் புத்தகத்தில் படித்த மன்னர்களை மறந்துவிட்டோம். இந்தத் தளங்களில் அரிதாரம் பூசி நின்ற மன்னர்களை மறக்கவில்லை. அதனால்தான் இன்றைய பொருளைப் பேச வடபழனியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று நினைக்கிறேன்.

பாட்டும் வசனமுமாக ஒரு சரித்திரக் கதையைச் சொல்லும்போது, அதில் வரும் உண்மை மனிதர்களின் பெயருக்கு என்ன நேர்கிறது? இதுதான் என் கேள்வி. உதாரணமாக ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்: 1959 மே மாதம் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'.

பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கினார். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி வசனம். கு.மா. பாலசுப்பிரமணியம் பாடல்கள். ஜி. ராமநாதன் இசை. ம.பொ. சிவஞானம் 1949இல் எழுதிய நூல் இந்தக் கதைக்குப் பின்புலம். கதையை உருவாக்கிய குழுவுக்கும் அவர் தலைமை ஏற்றார். சிவாஜி நாடக மன்றம் ஊர் ஊராக நடத்திய நாடகம், வண்ணப் படமாகி, 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்த எல்லோருக்கும் உண்டு.

இந்தக் கதை சினிமாவில் தொடங்கியதல்ல. தெற்கத்திச் சீமையில் கும்மியாகவும் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் அது நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடலைப் படித்தால் தெரியும், வெள்ளைக்காரன் தடைபோட நினைத்த ஒரு நினைவை எழுத்தறியாத மக்கள் தொண்டையிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். திருச்சிப் பக்கம் சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் தனக்கு நடிப்பு ஆசையே வந்தது என்று சிவாஜி கணேசன் சொல்லியிருக்கிறார். பாட்டிலிருந்து கூத்து, கூத்திலிருந்து ஒரு சிறுவன், அந்தச் சிறுவனிடமிருந்து ஒரு படம். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்துக்கருகே சிலை வைத்தவரும் அவர்தான். பாட்டின் வலிமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்த வலிமை எவ்வளவு பெரியது என்று உணர்ந்ததால்தான் அதன் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

படத்தின் உயிரான காட்சிக்கு வருவோம். கலெக்டர் ஜாக்சன் கப்பம் கேட்கிறார். கட்டபொம்மன் சீறி எழுகிறார். உழவு வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதில் எதைச் செய்தாய், எந்த உரிமையில் கேட்கிறாய் என்று முழங்குகிறார். பள்ளி ஆண்டு விழாக்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் நம்மில் யார்? மையால் வரைந்த மீசை, அட்டையில் வெட்டிய வாள், அம்மாவின் பட்டுப்புடவையில் ஒரு அங்கவஸ்திரம். எட்டு வயதுப் பிள்ளை மூச்சுப் பிடித்து அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கும்போது அரங்கமே கைதட்டும். ஒலிச்சித்திரமாகவும் அது கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியிலும் கோயில் கொடையிலும் ஊரெல்லாம் கேட்டது. கட்டபொம்மன் என்றால் நமக்கு அந்தக் குரல்.

இனி, அந்தச் சந்திப்பு நடந்ததாக ஆவணங்கள் சொல்லும் ராமநாதபுரத்துக்குப் போவோம்.

1792இல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையின் மூலம் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1798 மே மாத முடிவில் கட்டபொம்மனின் பாளையமான பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 வராகன். ஆகஸ்டில் ஜாக்சன் கடிதம் எழுதுகிறார்: ராமநாதபுரத்துக்கு வந்து என்னைப் பார். எழுதிவிட்டு அவரே சுற்றுப்பயணம் கிளம்பிவிடுகிறார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போகிறார். பார்க்க மறுக்கிறார் ஜாக்சன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறார், அங்கும் மறுப்பு. ஏறத்தாழ 400 மைல், 23 நாள், ஒரு பாளையத்தின் அதிபதி ஒரு கலெக்டரின் பின்னாலேயே அலைகிறார். செப்டம்பர் 19ஆம் தேதி ராமநாதபுரம் வந்து சேர்கிறார்.

அங்கே கணக்கைப் பார்க்கிறார்கள். பாக்கியில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மிச்சம் 1,080 வராகன்தான். அந்தக் கணக்கு பார்த்து முடியும்வரை கட்டபொம்மனுக்கும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளைக்கும் உட்கார இருக்கை தரவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு கோட்டையை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். கைது செய்யத்தான் இந்த ஏற்பாடு என்று புரிந்ததும் வாசலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். தம்பி ஊமைத்துரையின் துணையோடு கட்டபொம்மன் தப்பினார். சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்ததுதான் அரிய செய்தி. கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் விசாரணைக் குழு அமைத்தார். பிரௌன், ஓரம், காசமேஜர் என்ற மூவர் கொண்ட அந்தக் குழு முன் 1798 டிசம்பரில் கட்டபொம்மன் நேரில் போய் நின்றார். குற்றம் அவர்மேல் இல்லை என்று குழு முடிவு செய்தது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி இழந்தார். ஒரு பாளையக்காரர் கொடுத்த முறையீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரின் வேலை போயிற்று!

எண்ணிப் பாருங்கள். எது பெரிய கட்டபொம்மன்? வரி கேட்டதும் கர்ஜித்தவரா, வரியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, கால் கடுக்க நின்று, மானத்துக்குப் பங்கம் வந்தபோது உயிரைப் பணயம் வைத்து வெளியேறி, பின் எதிரியின் சபையிலேயே வழக்காடி வென்றவரா? எனக்கு இரண்டாமவர்தான் பெரியவர். சமாதானத்துக்கு இருந்த எல்லா வழியையும் நடந்து பார்த்த பிறகுதான் அவர் வாளெடுத்தார். மேடைக் கட்டபொம்மன் முதல் காட்சியிலிருந்தே வாளோடு நிற்கிறார். அதனால் அந்த வாளின் விலை நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், அளவுக்கு மீறி இகழவும் ஆள் வரும். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று வாதிட்டுத் தமிழ்வாணன் ஒரு நூலே எழுதினார். கதைப்பாடலிலேயே தானாபதிப் பிள்ளை, அதாவது அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை, கம்பெனியின் நெற்களஞ்சியத்தில் கை வைத்த செய்தி வருகிறது. பாளையக்காரர்கள் ஒருவர் எல்லைக்குள் ஒருவர் புகுந்து எடுப்பதும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். நாயகனைக் கறையே இல்லாதவராக மக்களிடம் கொண்டுபோனதால், ஒரு கறையைக் காட்டினாலே முழுச் சிலையையும் உடைத்துவிடலாம் என்று ஆகிவிட்டது. உள்ளபடி சொல்லப்பட்ட வீரனுக்கு அந்த ஆபத்து இல்லை.

சரி, கட்டபொம்மன் தாங்குவார். புகழ் கூடியதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. நான் கவலைப்படுவது இன்னொருவருக்காக.

எட்டப்பன். இந்தப் பெயரை ஒரு மனிதரின் பெயராக நாம் சொல்வதே இல்லை. கட்சி மாறினால் எட்டப்பன். அலுவலகத்தில் கோள் சொன்னால் எட்டப்பன். சட்டமன்றத்திலிருந்து டீக்கடை வரை அது ஒரு வசை. கூடவே இருந்து குழி பறித்தவன் என்பது அதன் பொருள். நாட்டுப் பாடல்களில் தொடங்கிய இந்தப் பழியை, வி.கே. ராமசாமி நடித்த திரை எட்டப்பன்தான் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நடந்தது என்ன? எட்டையபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அண்டைப் பாளையங்கள். எல்லைத் தகராறு அவர்களுக்குள் நெடுநாளாக இருந்தது. எட்டையபுரத்தார் கட்டபொம்மனின் அவையில் இருந்தவரல்லர். அவரிடம் உப்புத் தின்றவரல்லர். வெளிப்படையான பகையாளி, கம்பெனிக்கு வெளிப்படையான துணை. கட்டபொம்மனைத் தேடிப் பிடிக்கும் முயற்சியில் அவர் மும்முரமாக இருந்தார் என்று கம்பெனிப் படையை நடத்திய மேஜர் பானர்மேனே எழுதியிருக்கிறார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களைப் பிரித்துக் கொடுத்தபோது எட்டையபுரத்துக்கும் பங்கு கிடைத்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. அந்நியனுக்குத் துணைபோனவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் நிற்கும்.

ஆனால் அந்தக் குற்றத்தில் அவர் தனி ஆள் இல்லை. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. அங்கிருந்து தப்பிய கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டில் இருந்தபோது, அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் விசாரணை நடந்தபோது சுற்றிலும் பாளையக்காரர்களை நிறுத்திவைத்திருந்தார்கள். எட்டையபுரத்தாரையும் சிவகிரியாரையும் கட்டபொம்மன் இகழ்ச்சியோடு பார்த்தார் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது அவர் நடையில் தளர்வே இல்லை என்றும் பானர்மேன் மறுநாள் எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். எதிரியின் கை எழுதிய அந்தச் சாட்சியம் எந்த வசனத்தையும்விட எனக்கு மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

அந்த இடத்தில் நின்ற பாளையக்காரர்கள் பலர். பழி மட்டும் ஒருவர் தலையில். ஏன்? மேடைக்கு ஒரு வில்லன் போதும் என்பதால். இரண்டரை மணி நேரத்தில் பத்துப் பாளையங்களின் பேரத்தையும் அச்சத்தையும் பழைய பகையையும் சொல்ல முடியாது. பின்னணி இசை ஒருவர் வரும்போது கம்பீரமாக ஒலிக்கிறது, இன்னொருவர் வரும்போது நெளிகிறது. அவர் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. எழுத்தில் 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தை போட்டு மறுபக்கத்தைச் சொல்லலாம். இசையில் அந்த வார்த்தைக்கு இடமில்லை.

இப்படிப் பழி சுமந்த அந்த எட்டையபுரம் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்த ஊர். முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசி நாட்களைக் கழித்து 1835 தீபாவளியன்று மறைந்த ஊர். அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது எட்டையபுர சமஸ்தானத்தின் ஆதரவில். தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தித் தந்த அந்த நூல் இல்லையென்றால், மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நாம் கேட்கிற எத்தனையோ உருப்படிகளின் பழைய வடிவம் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். 1882இல் சுப்பிரமணிய பாரதி பிறந்ததும் அங்கே. 'பாரதி' என்ற பட்டம் பெற்றதும் அந்த ஊர் அவையில். சங்கீதத்தைக் காத்த ஒரு அரண்மனையின் பெயரைச் சங்கீதமும் வசனமும் சேர்ந்தே வசையாக்கிவிட்டன. இது எனக்குத் தீராத வருத்தம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சயாம் நாட்டு மன்னர் மோங்குட் 27 ஆண்டு பௌத்தத் துறவியாக இருந்தவர், பல மொழி கற்றவர், வானவியலில் தோய்ந்தவர். 1868 ஆகஸ்ட் 18இல் வந்த முழுச் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதைக் காணப் பிறநாட்டு விருந்தினர்களையும் அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பயணத்தில் தொற்றிய காய்ச்சலால் சில வாரங்களில் இறந்தார். அவரைத்தான் 1951இல் அமெரிக்க மேடையில் அரங்கேறிய 'தி கிங் அண்ட் ஐ' என்ற இசை நாடகம், ஆங்கிலேய ஆசிரியை ஒருத்தி வந்து நாகரிகம் கற்றுத்தர வேண்டியிருந்த முரட்டு அரசராகக் காட்டியது. அந்த நாடகத்திலிருந்து எடுத்த படத்தைத் தாய்லாந்து தடை செய்தது. உலகமோ பாட்டைத்தான் நினைவில் வைத்திருக்கிறது, கிரகணக் கணக்கை அல்ல.

அப்படியானால் கற்பனையே கூடாதா? கூடும். அதற்கு வழிகாட்டியும் நம்மிடமே இருக்கிறார்: கோபாலகிருஷ்ண பாரதியார்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனார் என்னும் திருநாளைப்போவார் ஆதனூரில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் தரும் அடியார். அவரை ஆட்டிப்படைக்கும் பண்ணையார் யாரும் அங்கே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய பாரதியார், நந்தனைப் பண்ணையாளாக்கினார். சிதம்பரம் போக அனுமதி தராத வேதியர் ஒருவரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் விளைவித்தார். அத்தனையும் கற்பனை. கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும் அந்தக் கற்பனையைத்தான் நாடெங்கும் பரப்பின. இன்று நந்தன் என்றால் நமக்கு நினைவு வருவது சேக்கிழாரின் அடியார் அல்ல, பாரதியாரின் பண்ணையாள்தான்.

இங்கேயும் சரித்திரம் மாறியது உண்மை. புலவர்கள் சிலர் அப்போதே குறை சொன்னார்கள். ஆனால் அந்த மாற்றத்தால் தஞ்சைச் சீமையின் பண்ணையடிமை வாழ்க்கை பாட்டுக்குள் வந்தது. ஒருநாள் விடுப்புக்காகக் கெஞ்சி நிற்கும் மனிதனின் வேதனை மேல்தட்டு மக்களின் கூடத்திலேயே ஒலித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். பாரதியார் அந்த வேதியருக்குப் பெயர் வைக்கவில்லை. உண்மையில் வாழ்ந்த எவருடைய பெயரையும் எடுத்து அந்தக் கொடுமையை அவர்மேல் ஏற்றவில்லை. பழி ஒரு வழக்கத்தின்மேல் விழுந்தது, ஒரு வம்சத்தின்மேல் அல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். நாயகனுக்கு நாலு பாட்டு கூடுதலாகக் கொடுங்கள். காதலியைக் கற்பனை செய்யுங்கள். நடக்காத போரையும் நடத்துங்கள். கலைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கற்பனைக் குற்றத்தைக் கற்பனை மனிதன்மேல் போடுங்கள். உண்மைப் பெயரைத் தொட்டால், அந்தப் பெயருக்குரியவர் செய்த குற்றத்தை மட்டும் அவர்மேல் சொல்லுங்கள். செத்தவர் மறுப்பு எழுத முடியாது. அவருடைய பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது அவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

ஆவணத்தை ஒட்டிப் படம் எடுத்தால் ஓடாது என்று சொல்வார்கள். அதே பந்துலு, அதே சிவாஜி, அதே ஜி. ராமநாதன், மீண்டும் ம.பொ.சி.யின் நூலைக் கொண்டே 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார்கள். வசூலில் அது தோற்றது, உண்மைதான். ஆனால் செக்கிழுத்த வ.உ.சி.யைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டியது அந்தப் படம். 1936இல் வறுமையில் மறைந்தவருக்கு உரிய மரியாதையைத் திருப்பித் தந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பாட்டு ஒருவர் பெயரைக் கெடுக்கவும் வல்லது, மீட்கவும் வல்லது. கை நம்முடையது.

இந்த அவையில் இசைக் கலைஞர்கள் இருக்கிறீர்கள், திரைக்கதை எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கட்டபொம்மனைப் பள்ளி மேடையில் ஏற்றும் ஆசிரியர்கள், அந்த முழக்கத்தோடு சேர்த்து ராமநாதபுரத்து மூன்று மணி நேரத்தையும் நடிக்க வையுங்கள். இருக்கை கொடுக்கப்படாமல் நின்ற ஒரு மனிதரின் மௌனத்தை நடிப்பது கடினம்தான். பிள்ளைகள் அதையும் செய்துவிடுவார்கள். எழுதுகிறவர்களே, அடுத்த சரித்திரக் கதைக்கு வில்லனைத் தேடும்போது, அவர் உண்மையில் என்ன செய்தார் என்று ஒரு முறை ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இருப்பதை எழுதுங்கள். அதைவிடக் கொடியவன் வேண்டுமென்றால் அவனுக்குப் புதுப் பெயர் வையுங்கள். கட்டபொம்மன் பெயர் நிலைக்க இன்னொருவர்மேல் பொய்ப் பழி தேவையில்லை. கயத்தாற்றில் அவர் நடந்த நடையே அதற்குப் போதும்.